அட்டையில் எழுதியதும் லேபிள்தான்

வாசகர் கடிதம்:

அண்ணா, பாரிஸுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அரிசி, மரக்கறி, மீனோடு வைனும் பியரும் விற்கிறேன். அதற்கு லைசன்ஸ் எடுத்திருக்கிறேன். போன மாதம் வானில் சரக்கு கொண்டுவரும் ஒருவர் ரோசே (இளஞ்சிவப்பு) வைன் மலிவாகத் தந்தார். முன்பக்கம் கோட்டை படம், பிரெஞ்சு எழுத்து. பிரெஞ்சு வைன்களோடு அடுக்கிவிட்டேன். ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து, 'இது ஸ்பெயின் வைன், ஏமாற்றிவிட்டாய், புகார் கொடுப்பேன்' என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பின்பக்கம் பார்த்தால் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. லேபிள் அடித்தது நான் இல்லையே, பிழை யாருடையது? ஏ.ஓ.பி. என்று போட்டிருந்தால் நல்ல வைன் என்று நம்பலாமா? சல்பைட் என்பது மருந்தா? சைவக்காரர் கேட்டால் என்ன சொல்வது? கடைசியாக ஒன்று: மச்சாளின் கலியாணத்துக்கு வைன் போத்தல்களில் பொம்பிளை மாப்பிள்ளை படத்தோடு நாங்களே லேபிள் ஒட்டலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய 4 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 3 படங்கள் போத்தலுடையவை. நாலாவதைத் தவறுதலாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்: ராக்கையின் முகப்பு, அதில் செருகிய விலை அட்டை. பச்சை மார்க்கரில் 'ரோசே, பிரான்ஸ்' என்று எழுதி, கீழே விலை போட்டிருக்கிறீர்கள். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பிழை அங்கேதான் இருக்கிறது.

முதலில் போத்தலைப் பார்ப்போம். முன்பக்கத்தில் கோட்டை, அதன் கீழே பூவேலை, ஒரு கற்பனைப் பெயர். கோட்டை என்று பொருள்படும் 'சாத்தோ' என்ற சொல் எங்கும் இல்லை, படம் மட்டும்தான். லேபிள் அடித்தவருக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். பிரான்ஸில் 'சாத்தோ' என்று எழுத வேண்டுமானால் அந்த வைன் ஏ.ஓ.பி. (சட்டம் காக்கும் இடப்பெயர்) தகுதி உள்ளதாக இருக்க வேண்டும், திராட்சையும் அந்தத் தோட்டத்திலேயே விளைந்திருக்க வேண்டும். சொல்லை எழுதினால் அகப்படுவார். அதனால் கோபுரத்தை வரைந்துவிட்டு மீதியை வாங்குகிறவரின் கற்பனைக்கு விட்டுவிட்டார்.

பின்பக்கத்தில் ஸ்பெயினில் விளைந்தது என்ற வரி இருக்கிறது. மதுச்சதவீதம், அளவு, போத்தலில் அடைத்தவரின் விவரம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி என்ன சொல்கிறதென்றால், கட்டாய விவரங்களில் பெரும்பாலானவை போத்தலைத் திருப்பாமல் ஒரே பார்வையில் வாசிக்கக் கிடைக்க வேண்டும். அந்தப் பார்வை கோட்டை இருக்கும் பக்கமா மற்றப் பக்கமா என்று விதி கேட்பதில்லை. நாம் பின்பக்கம் என்று நினைப்பது அவர்கள் கணக்கில் முன்பக்கமாக இருக்கலாம். கட்டாய விவரங்களின் எழுத்து 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மதுச்சதவீதத்தின் எண் மட்டும், 75 சென்டிலிட்டர் போத்தலில், 3 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். எனக்கு இது பழக்கமாகிவிட்டது. நான் லேபிள் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனத்தில் அந்த எண் 2 மில்லிமீட்டரில் அச்சாகிவிட்டது. சுருள் சுருளாக லேபிள்களைக் குப்பையில் போட்டோம். முதலாளி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆக, எழுத்தளவில் உங்கள் போத்தல் தப்பிவிடக்கூடும். படமும் சேர்ந்து ஆளை ஏமாற்றுகிறதா என்பது வேறு கேள்வி. பிரெஞ்சு நுகர்வோர் சட்டம் ஏமாற்று வணிகத்துக்கு 2 வருடச் சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் வரை வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை. பொருளை முன்வைக்கும் விதத்தையும் பார்க்கிறது. கோட்டைக்காக லேபிள் அடித்தவரை யாராவது பிடித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் 'பிரான்ஸ்' என்று அட்டையில் எழுதியது யார்? லேபிள் அடித்தவர் எழுதவில்லை, வான்காரர் எழுதவில்லை. ராக்கை அட்டை, துண்டுப் பிரசுரம், கடை வாசல் கரும்பலகை எல்லாமே பொருளைப் பற்றி நீங்கள் சொல்லும் சொல்தான். ஸ்பெயின் வைனைப் பிரெஞ்சு வைன்களுக்கு நடுவில் அடுக்கி மேலே 'பிரான்ஸ்' என்று எழுதினால், பின்பக்கத்து வரி எவ்வளவு சரியாக இருந்தாலும் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கொந்த்ரோலுக்கு, அதாவது சோதனைக்கு, வருகிறவருக்கு அது தெரியாது.

அதோடு, உணவுப் பொருள் தகவல் பற்றிய 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய விதி ஒன்று இருக்கிறது. லேபிளுக்கு முதல் பொறுப்பு அதில் பெயர் இருக்கிறவருக்குத்தான். ஆனால் லேபிள் பிழை என்று தெரிந்தும், அல்லது தொழில் தெரிந்தவராகச் சந்தேகப்பட வேண்டிய இடத்திலும், கடைக்காரர் அதை விற்கக் கூடாது. கிழவர் வந்து சொல்வதற்கு முன்பு உங்களுக்குத் தெரியாது, சரி. இப்போது தெரியும். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் அட்டையை எடுத்துவிடுங்கள். போத்தல்களைத் தனியாக அடுக்கி 'ஸ்பெயின்' என்று அதே பச்சை மார்க்கரில் எழுதுங்கள். ஸ்பெயின் வைன் கேவலமானதல்ல. ரியோகா சிவப்பு வைனில் 'ரிசெர்வா' என்று போட வேண்டுமானால் 3 வருடம் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது ஒரு வருடம் ஓக் பீப்பாயில். பிரான்ஸில் அதே போல் ஒலிக்கும் 'ரெசெர்வ்' என்ற சொல்லைப் பல வைன்களில் பார்ப்பீர்கள். அதற்கு அப்படி ஒரு பொதுக் கணக்கே கிடையாது. 'வியே வீன்யு', அதாவது கிழட்டுக் கொடி, என்பதும் அப்படித்தான். எத்தனை வயதானால் கொடி கிழடு என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்லவில்லை.

அந்தக் கிழவர் ஏன் அவ்வளவு சத்தம் போட்டார் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். இரண்டரை யூரோ போத்தலுக்கு இவ்வளவா? இந்த நாட்டில் வைன் சட்டம் தெருவில் பிறந்தது, தம்பி. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி வேரைத் தின்று திராட்சைத் தோட்டங்களை அழித்தது. வைனுக்குத் தட்டுப்பாடு. வியாபாரிகள் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள், சீனி போட்டார்கள், சாயம் கலந்தார்கள், அதையும் வைன் என்று விற்றார்கள். 1889இல் ஒரு சட்டம் வந்து, புதுத் திராட்சையோ அதன் சாறோ புளித்து உண்டாவது மட்டுமே வைன் என்றது. கலப்படம் நிற்கவில்லை. தோட்டங்கள் மறுபடி காய்த்தபோது, சீனி வைனோடு போட்டி போட முடியாமல் விலை விழுந்தது. 1907 மார்ச் 11 அன்று தெற்கே அர்ஜெலியே என்ற கிராமத்திலிருந்து 87 விவசாயிகள் நர்பொன் நகரத்துக்கு நடந்து போனார்கள். முன்னால் போனவர் மார்செலன் அல்பேர், ஊரில் சின்னக் காப்பிக்கடை வைத்திருந்தவர். மூன்று மாதம் கழித்து மொன்பெலியே நகரத்தில் 5 லட்சம் பேர் கூடினார்கள். நர்பொன்னில் இராணுவம் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அடக்க வேண்டிய 17ஆவது படைப்பிரிவு, பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள், கலகம் செய்து பெஸியே நகரத்துக்குத் திரும்பி நடந்தது.

ஜூன் 29 அன்று சட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் எவ்வளவு விளைந்தது என்று அறிவிக்க வேண்டும், சீனி வாங்குவதற்குக் கண்காணிப்பு உண்டு. விளைச்சல் அறிவிப்பு இன்றும் நடக்கிறது. அதே வருடம் மோசடித் தடுப்புக்கென்று ஒரு அரசுச் சேவையும் அமைந்தது. இன்று உங்கள் கடைக்குக் கொந்த்ரோலுக்கு வரக்கூடிய, வாயில் நுழையாத பெயர் கொண்ட டி.ஜி.சி.சி.ஆர்.எஃப். என்ற அரசுத்துறை அதன் பேரப்பிள்ளைதான். ஸ்பெயின் ரோசே பிரெஞ்சு வேடம் போடுவது அவர்களுக்குப் புதிதில்லை. 2016, 2017இல் துருவித் துருவிப் பார்த்ததில், ஏறத்தாழ 70,000 ஹெக்டோலிட்டர் (ஒன்று 100 லிட்டர்), கிட்டத்தட்ட ஒரு கோடி போத்தல் அளவு, வேடம் போட்டிருந்தது வெளிவந்தது. 2018 கோடையில் பத்திரிகைகளில் அடிபட்டது. உங்கள் கிழவர் அதை வாசித்தவராக இருக்கலாம்.

சரி, ஏ.ஓ.பி. அது இடத்துக்கும் முறைக்கும் தரும் உத்தரவாதம். உங்கள் நாக்குக்குப் பிடிக்கும் என்று அது சொல்லவில்லை. ஷத்தோநெஃப் து பாப் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காணியில் விளைய வேண்டும், எந்த 13 வகைத் திராட்சை, ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு, எல்லாம் எழுதியிருக்கிறது. உச்சவரம்பு 35 ஹெக்டோலிட்டர். போத்தல் கணக்கில் 4,600 சொச்சம். கொடி அதற்கு மேல் காய்த்தாலும் அந்தப் பெயரில் விற்க முடியாது. மதுச்சதவீதம் 12.5க்குக் குறையக் கூடாது. விலை ஏன் அப்படி என்று இப்போது விளங்கும். (அந்த ஊர் மேயர் 1954இல் பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று ஆணை போட்டார். இதை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், போத்தல் விற்கும்.) இந்த இடப்பெயர் முறைக்குச் சட்டவடிவம் கொடுத்தது 1935 ஜூலை 30 அன்று வந்த ஆணை.

அதற்குக் கீழே ஐ.ஜி.பி., பிரதேசத்தின் பெயர் போடலாம், விதிகள் கொஞ்சம் தளர்வு. அதற்கும் கீழே 'வான் து ஃபிரான்ஸ்', அதாவது பிரான்ஸ் வைன். முன்பு மேசை வைன் என்றிருந்தது, 2009இல் இந்தப் பெயர் வந்தது. பிரதேசப் பெயர் கூடாது. திராட்சை வகையும் வருடமும் போடலாம். உங்கள் ராக்கையில் இதுதான் அதிகம் இருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தாலியில் ஸாஸிகாயா என்ற வைன் உலகப் புகழ் பெற்ற பிறகும் பல வருடம் வெறும் மேசை வைன் என்ற லேபிளோடுதான் விற்றது. அந்த வட்டாரத்து விதிக்குள் அடங்காத திராட்சை என்பதால். 1994இல்தான் அதற்கென்று இடப்பெயர்த் தகுதி வந்தது. இன்னொன்று: லேபிளில் ஒரே வருடம் அல்லது ஒரே திராட்சை வகை போட்டிருந்தால், உள்ளே குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும். மீதி 15 வேறாக இருக்கலாம். 'மெர்லோ என்றால் முழுக்க மெர்லோ' என்று யாருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுக்காதீர்கள்.

சல்பைட் மருந்தல்ல, காப்புப்பொருள். வைன் காடியாகிவிடாமலும் நிறம் மாறாமலும் பார்த்துக்கொள்ளும். புளிக்கும்போது ஈஸ்ட் தானாகவும் கொஞ்சம் உண்டாக்கும். ஆகவே சேர்க்காத வைனிலும் அது இருக்கலாம். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் 'சல்பைட் உண்டு' என்று எழுத வேண்டும். 2005 நவம்பரிலிருந்து இது கட்டாயம். உச்சவரம்பு, இனிப்பில்லாத சிவப்புக்கு 150, வெள்ளைக்கும் ரோசேக்கும் 200. இப்போது உங்கள் கடையில் கஜு, பேரீச்சம்பழம் இருக்கும் பக்கம் போய் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் உலர்ந்த அப்ரிக்கோட் பையைத் திருப்பிப் பாருங்கள். அதற்கு அனுமதி கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை. ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்காகத்தான் அந்த வரி. மற்றவர்கள் மறுநாள் தலையிடிக்குச் சல்பைட்டைக் குறை சொன்னால், எத்தனை கிளாஸ் என்று மெதுவாகக் கேளுங்கள்.

சைவக்காரர் கேள்வி நல்ல கேள்வி, பிரெஞ்சுக் கடைக்காரர்களே பலர் இதை யோசிப்பதில்லை. வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசை என்று பலதும் பயன்படுத்துவார்கள். கசடைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும், பிறகு வடித்துவிடுவார்கள். முட்டையோ பாலோ அளவிடக்கூடிய எச்சமாக மிஞ்சினால் ஒவ்வாமைக்காக லேபிளில் போட வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விலக்கு உண்டு. வடித்துவிடும் பொருள் என்பதால் உட்பொருள் பட்டியலிலும் இவை வராது. ஆகவே லேபிளில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து 'இது சைவம்' என்று சொல்ல முடியாது. 'வீகன்' என்று தனியாக முத்திரை உள்ளதை நாலைந்து போத்தல் வாங்கி வையுங்கள். விரதக்காரர் எப்படியும் வாங்க மாட்டார், மற்றவருக்கு உதவும்.

உட்பொருள் பட்டியல் என்றதும் ஞாபகம் வருகிறது: சில போத்தல்களில் கைபேசியில் திறக்கும் சதுரக் குறியீடு (கியூ.ஆர்.) வர ஆரம்பித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்கட் பக்கெட்டில்கூட இருந்த உட்பொருள் பட்டியல் வைனுக்கு மட்டும் பல காலம் கிடையாது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான வைனுக்கு அது கட்டாயம். பட்டியலையும் சத்து விவரத்தையும் குறியீட்டுக்குப் பின்னால் வைக்கலாம். ஒவ்வாமைப் பொருளும் சக்தியளவும் மட்டும் காகித லேபிளிலேயே இருக்க வேண்டும். இனிப்பில்லாத 12 சதவீத வைனில் 100 மில்லிலிட்டருக்கு 70 கலோரி சொச்சம் வரும். குறியீட்டைத் திறந்தால் விளம்பரம் வரக் கூடாது, திறந்தவரின் விவரத்தைச் சேகரிக்கவும் கூடாது. பழைய சரக்கில் இதெல்லாம் இல்லையென்று பயப்படாதீர்கள். அந்தத் தேதிக்கு முன் தயாரானது தீரும்வரை விற்கலாம்.

வான்காரரைப் பற்றி. ஃபக்தூர், அதாவது பில், தந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் தரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இது லேபிளைவிட எனக்குப் பெரிய கவலை. மதுவுக்கு வரி உண்டு, அது எங்கிருந்து எப்படி வந்தது என்பதற்குத் தாள் உண்டு, சுங்கத்துறையும் கேட்கும். தாள் இல்லாவிட்டால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதை நிரூபிக்க உங்களிடம் எதுவுமே இருக்காது. லேபிளில் 'எல்' என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள்: அது தொகுதி எண். 1985இல் ஆஸ்திரிய வைனில் டைஎதிலீன் கிளைகோல் என்ற இரசாயனம் கலந்தது பிடிபட்டது, இனிப்பும் கனமும் கூட்டத்தான். அடுத்த வருடம் இத்தாலியில் மெத்தனால் கலந்த வைனில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அப்படி ஒன்று நடந்தால் எந்தப் போத்தலை ராக்கையிலிருந்து எடுப்பது என்று சொல்ல அந்த எண்ணும் உங்கள் ஃபக்தூரும் வேண்டும். அவரிடம் தாள் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த முறை வானைத் திறக்க விடாதீர்கள், எவ்வளவு மலிவு என்றாலும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவு 10 மணிக்குப் பிறகு மது விற்பதாக இருந்தால் லைசன்ஸ் மட்டும் போதாது, அதற்கென்று ஒரு பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்று சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள், தெரிந்தவரின் பிள்ளையாக இருந்தாலும்.

கலியாண லேபிள்: இருக்கிற லேபிளின் மேல் ஒட்ட வேண்டாம். கட்டாய விவரம் எதையும் மறைக்கக் கூடாது, நீங்கள் விற்கும் கடைக்காரர் என்பதால் இன்னும் கவனம். சுலபமான வழி, படத்தை அட்டையில் அச்சடித்து, துளை போட்டு, போத்தலின் கழுத்தில் பட்டு நூலால் கட்டிவிடுவது. விருந்துக்கு வந்தவர்கள் அதைக் கழற்றி வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். நூற்றுக்கணக்கில் போத்தல் வேண்டுமென்றால், நேரே விற்கும் வைன் தோட்டக்காரர்கள் சிலர் உங்கள் படத்தைப் போட்டே லேபிள் அடித்துத் தருவார்கள். சட்ட விவரங்களைப் பின்பக்கம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அச்சுக்கு முன் மாதிரியை எனக்கு அனுப்புங்கள். அடிக்கோல் கையில் இருக்கிறது.

கிழவர் திரும்பி வந்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வராவிட்டாலும், புது அட்டையை அவர் தெருவிலிருந்து பார்க்கிற மாதிரி வையுங்கள்.